ஏழரை சென்ட் கொல்லைக்கு எத்தனை கல், எத்தனை கிலோ வலை?

கேட்டவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர். வீட்டுக்குப் பின்னால் ஏழரை சென்ட் கொல்லை இருக்கிறது. நாலு தென்னை, ஒரு முருங்கை, இருபது நாட்டுக்கோழி. பக்கத்துக் காட்டு ஆடும் தெரு நாயும் உள்ளே வருகின்றன. கல்லுக்கால் நட்டு ஐந்தடி உயரத்தில் கம்பி வலை போட வேண்டும், மேலே இரண்டு வரிசை முள்கம்பி வேண்டும், தேங்காய் ஏற்ற வண்டி வந்து போக 10 அடிக் கதவும் வேண்டும். இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்கியிருக்கிறார். ஒருவர் 20 கல், 5 மூட்டை சிமெண்ட் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் 32 கல், 8 மூட்டை என்கிறார். "ஒரே இடத்துக்கு எப்படி அண்ணே 12 கல் வித்தியாசம் வரும்? இரண்டாவது ஆள் ஏமாற்றுகிறாரா?" என்பதுதான் அவர் கேள்வி.

இல்லை தம்பி. இரண்டாவது ஆள்தான் கணக்குப் போட்டிருக்கிறார். முதல் ஆள் மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்து, கூட இரண்டைச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலில் ஒன்று. வேலிக்குச் சென்ட் கணக்கு உதவாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 20 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 93 அடி, சுற்றளவு 373 அடி. அதே 20 சென்ட் 40 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் சுற்றளவு 515 அடியைத் தாண்டும். நிலம் அதேதான், வேலி மட்டும் 140 அடி கூடிவிடுகிறது. "ஏழரை சென்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. சொல்பவர் குத்துமதிப்பாகத்தான் சொல்லுவார்.

அதனால் டேப்பை எடுங்கள். நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தை நம்பி உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடாதீர்கள். அதில் இருப்பது மீட்டர், பழைய படமாக இருந்தால் லிங்க். ஒரு லிங்க் 0.66 அடி, ஒரு மீட்டர் 3.28 அடி. இதைக் கவனிக்காமல் மீட்டரை அடி என்று நினைத்து சாமான் வாங்கியவரை நான் பார்த்திருக்கிறேன். வந்த லோடு வேலியில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் பற்றவில்லை. சர்வே கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து அதற்கு நூல் கட்டி, நூலை அரையடி உங்கள் பக்கம் நகர்த்துங்கள். குழியும் கான்கிரீட்டும் பக்கத்துக்காரர் மண்ணுக்குள் போகக் கூடாது. அந்த அரையடிக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் பங்காளிகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த நூலைத்தான் அளக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் சரிவின் மேலேயே டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். வலை ஓடப்போவதும் அந்தச் சரிவில்தான்.

நீங்கள் அனுப்பிய அளவு இது: வீட்டுச் சுவரிலிருந்து இடப்பக்கம் 62 அடி, பின்பக்கம் 48, வலப்பக்கம் 71. வலப்பக்கத்தில் வீட்டை ஒட்டி 10 அடி கதவுக்குப் போகும். ஆக வலை ஓடும் நீளம் 62, 48, 61, மொத்தம் 171 அடி.

இந்த 171ஐ அப்படியே வகுக்காதீர்கள். பெரும்பாலான எஸ்டிமேட் கெட்டுப்போவது இங்கேதான். வேலி மூலையில் திரும்புகிறது, மூலையில் கட்டாயம் ஒரு கல் நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக வகுக்க வேண்டும். வெறும் காட்டு வேலி என்றால் 10 அடிக்கு ஒரு கல் போதும். உங்களுக்கு ஆட்டுத் தொல்லை இருக்கிறது. ஆடு வேலியைத் தாண்டுவதைவிட அதில் உடம்பைத் தேய்ப்பதும், முன்னங்காலை வைத்து ஏறி நின்று முருங்கையை எட்டுவதும்தான் அதிகம். வலை தொய்வது அதனால்தான். ஆகவே 8 அடிக்கு மேல் போகாதீர்கள்.

62ஐ எட்டால் வகுத்தால் 7.75 வரும். இடைவெளியின் எண்ணிக்கை ஏழே முக்காலாக இருக்க முடியாது, 8 இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 அடியை எட்டுச் சம பாகமாக்கினால் கல்லுக்குக் கல் 7 அடி 9 அங்குலம். ஏழு இடைவெளியை எட்டடியாக வைத்துவிட்டு, கடைசியில் மட்டும் ஆறடித் துண்டு விடுவது பார்க்கவும் நன்றாக இருக்காது, வலை இழுவையும் சமமாக இருக்காது. பின்பக்கம் 48, சரியாக 6 இடைவெளி. வலப்பக்கம் 61, அதற்கும் 8 இடைவெளி, ஒவ்வொன்றும் 7 அடி ஏழரை அங்குலம். மொத்தம் 22 இடைவெளி.

22 இடைவெளிக்கு 23 கல். கை விரலைப் பாருங்கள், ஐந்து விரலுக்கு நடுவில் நாலு சந்துதான். நாலு பக்கமும் சுற்றி வந்து முதல் கல்லிலேயே முடிகிற வேலியில் இடைவெளியும் கல்லும் ஒரே எண்ணிக்கை. உங்கள் வேலி வீட்டில் ஆரம்பித்து கதவில் முடிகிறது, அதனால் ஒன்று கூடும். அந்த 23ல் கடைசிக் கல் கதவைத் தாங்கும் கல். கதவின் வீட்டுப் பக்கத்துக்கு இன்னொன்று. ஆகச் சாதாரணக் கல் 22, கதவுக் கல் 2. வீட்டுச் சுவரை ஒட்டி முதல் கல் எதற்கு, சுவரிலேயே ஆணி அடித்து வலையை மாட்டிவிடலாமே என்று கேட்பார்கள். 62 அடி வலையின் இழுப்பு முழுவதும் அந்த ஆணியில் நிற்கும். முதலில் பூச்சு வரும், அப்புறம் செங்கல் வரும்.

இனி முதல் எஸ்டிமேட்டில் அடியோடு விட்டுப்போன விஷயம், முட்டுக்கல். சில ஊரில் சப்போர்ட் கல் என்பார்கள். வலையை இழுத்துக் கட்டும்போது நடுவில் நிற்கும் கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு, அதனால் அது பாட்டுக்கு நிற்கும். மூலைக் கல்லுக்கு அப்படி இல்லை, இரண்டு திசையிலிருந்தும் உள்பக்கமாகவே இழுப்பு விழும். நான் முதன்முதலில் என் சொந்தக் காட்டுக்கு வேலி போட்டபோது முட்டுக்கல்லை மிச்சம் பிடித்தேன். கட்டிய அன்று வலை வீணைக் கம்பி மாதிரி நின்றது. ஐப்பசி மழையில் மண் ஊறியதும் கிழக்கு மூலைக் கல் உள்ளே சாய்ந்தது. ஒரு சாண்தான். ஆனால் அந்த ஒரு சாணுக்கு இரண்டு பக்கத்து வலையும் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. அவிழ்த்து, கல்லைத் தோண்டி எடுத்து, மறுபடி நட்டுக் கட்டியதற்கு ஆன கூலியில் இருபது முட்டுக்கல் வாங்கியிருக்கலாம்.

மூலைக்கு இரண்டு முட்டு, ஒவ்வொன்றும் வேலி ஓடும் திசையிலேயே சாய்ந்து நிற்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மூலை, 4 முட்டு. வேலி ஆரம்பிக்கும் கல்லுக்கு ஒன்று, கதவுக்கு முன் முடியும் கல்லுக்கு ஒன்று. மொத்தம் 6. நீளமான காட்டு வேலியில் இடையில் 100 அடிக்கு ஒரு கல்லுக்கு இருபக்கமும் முட்டு கொடுப்போம். உங்கள் பக்கங்கள் எதுவும் அவ்வளவு நீளம் இல்லை, அது தேவைப்படாது.

22ம் 6ம் 28. கல் இறக்கும்போது ஒன்றிரண்டு உடையும். கருங்கல் ஆனாலும் துளை போட்ட இடத்தில் மெல்லிய விரிசல் இருக்கும், ஏதோ ஒன்று கை நழுவி மற்றொன்றின் மேல் விழும். இரண்டு சேர்த்து 30 வாங்குங்கள். கதவுக் கல் 2. இப்போது கூட்டிப் பாருங்கள், 32. இரண்டாவது ஆள் எழுதிய எண் இதுதான்.

கல்லின் நீளம் 8 அடி. 2 அடி மண்ணுக்குள், 6 அடி வெளியே. ஐந்தடி வலை, அதற்கு மேல் முள்கம்பி இரண்டு வரிசை என்று சரியாக அமையும். செம்மண்ணும் சரளையும் இருக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழமே நிற்கும். கரிசல் என்றால் இரண்டரை அடிக்குப் போங்கள். கோடையில் வெடித்து மழையில் ஊதுகிற மண் அது, கல்லை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். கதவுக் கல் மட்டும் கனமாக, 8க்கு 6 அங்குலத்தில் 9 அடி நீளம் இருக்கட்டும்.

எடையையும் யோசியுங்கள், இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. 6க்கு 4 அங்குலக் கல் 8 அடி நீளத்துக்கு ஒன்றேகால் கன அடிக்குச் சற்று மேலே வரும், ஏறக்குறைய 100 கிலோ. கதவுக் கல் ஒவ்வொன்றும் 225 கிலோ. மொத்தம் மூன்றரை டன். குட்டி யானையில் ஒரு நடையில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு லாரிக்குச் சொல்லுங்கள். கல் உடைக்கும் இடம் தூரமாக இருந்தால் வண்டி வாடகை கல்லின் விலையையே எட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில் கான்கிரீட் வார்ப்புக் கால் வாங்குவது மேல். 4க்கு 4 அங்குலக் கால் 60 கிலோதான் இருக்கும். ஆனால் உள்ளே கம்பி ஓடியிருக்கிறதா என்று உடைந்த கால் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது வலை. கடையில் கேட்கும் மூன்று கேள்வி: உயரம் எவ்வளவு, கண் (வலை ஓட்டை) எவ்வளவு, கேஜ் (கம்பித் தடிமன்) எவ்வளவு. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 8 கேஜ் 4 மி.மீ., 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64. வலையைப் பெரும்பாலும் கிலோவுக்குத்தான் விற்கிறார்கள், குழப்பமும் அதில்தான். 2 அங்குலக் கண் 12 கேஜ் வலையும், 3 அங்குலக் கண் 10 கேஜ் வலையும் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரே எடை, 165 கிராம் பக்கம். கிலோ விலை ஒன்றென்றால் பணமும் ஒன்றுதான். ஆனால் வேலி ஒன்றல்ல. முதலாவது கோழியை நிறுத்தும், ஆடு ஏறினால் வளையும். இரண்டாவது ஆட்டைத் தாங்கும், வளர்ந்துவரும் குஞ்சு அதில் புகுந்து வெளியே போய்விடும்.

உங்களுக்கு இரண்டும் இருப்பதால் நடுவில் நிற்போம்: இரண்டரை அங்குலக் கண், 10 கேஜ். இதில் ஒரு வசதியும் உண்டு. ஐந்தடி உயரத்துக்கு ஓடுகிற அடிக்குச் சரியாக ஒரு கிலோ வரும். 171 அடியோடு மூலையில் முடிச்சுப் போடவும் கட்டவும் நாலடி சேர்த்து 175 அடி, 175 கிலோ. பில்லில் 175 அடி என்று போட்டு எடை 140 கிலோ காட்டினால் வந்திருப்பது 10 கேஜ் இல்லை, அல்லது கண் பெரிது. சின்னக் குஞ்சுகளுக்கு எந்த வலையும் கணக்கில்லை. அடியில் ஒன்றரை அடிக்குக் கோழி வலையைத் தனியாக வைத்துக் கட்டிவிடுங்கள்.

கேஜைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடையில் வெட்டிப்போட்ட துண்டுக் கம்பி தரையில் கிடக்கும். பத்துத் துண்டைப் பொறுக்கி மேசைமேல் ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக அடுக்கி, குழந்தைகள் வைத்திருக்கும் ஸ்கேலால் குறுக்கே அளந்து பாருங்கள். 3.2 சென்டிமீட்டர் வந்தால் 10 கேஜ். 2.6 வந்தால் அது 12. ஒருமுறை இப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, "உங்களுக்கு உள்ளே இருக்கிற சரக்கைக் காட்டுகிறேன் வாங்க" என்றார்.

50 அடி ரோலாகத்தான் கிடைக்கும் என்றாலும் பயம் இல்லை. இரண்டு ரோலைச் சேர்க்க ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்ட வேண்டாம். ஓரத்துக் கம்பி ஒன்றை மேலிருந்து திருகித் திருகி உருவினால் வெளியே வந்துவிடும், அதையே இரண்டு ரோலின் கண்களுக்கும் நடுவில் திருகிக்கொண்டே இறக்கினால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. ஆனால் அப்படி வாங்கினால் 4 ரோல், 200 அடி, 25 அடி மிஞ்சும். மெஷின் வைத்துப் பின்னுகிறவரிடம் சொன்னால் கேட்ட நீளத்துக்கே பின்னிக் கொடுப்பார்.

வலை தானாக நிற்காது, அதை மாட்ட மேல், நடு, கீழ் என்று மூன்று லைன் கம்பி ஓட வேண்டும். 171 அடி மூன்று முறை 513. கல்லில் சுற்றுவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 565 அடி. 10 கேஜ் கம்பி கிலோவுக்கு 50 அடி, ஆக 12 கிலோ. முள்கம்பி இரண்டு வரிசைக்குச் சேதாரத்தோடு 360 அடி. 12 கேஜ் முள்கம்பி கிலோவுக்கு 25 முதல் 30 அடி வரும், முள் நெருக்கமாக இருக்கிறதா, தள்ளித் தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 14 கிலோ போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பத்தடி வெட்டித் தராசில் வைத்துப் பார்ப்பதே வழி. கட்டுக்கம்பி 3 கிலோ. இது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியாக இருக்கட்டும், செண்ட்ரிங் வேலைக்குக் கட்டும் கருப்புக் கம்பி இரண்டு மழைக்கு மேல் தாங்காது.

எல்லா எஸ்டிமேட்டிலும் விட்டுப்போகும் ஒரு சாமான் 8 எம்.எம். கம்பி. வலை முடியும் இடத்தில் கடைசிக் கண்களில் ஐந்தடிக் கம்பி ஒன்றைக் கோத்து, அந்தக் கம்பியைத்தான் கல்லோடு கட்ட வேண்டும். வலையின் கண்ணையே கட்டினால் இழுப்பு நாலு கண்ணில் மட்டும் விழுந்து அது கிழிந்த வலை மாதிரி நீண்டுவிடும். உங்களுக்கு மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு முனை, ஆக ஆறு இடம், 30 அடி. கடையில் 40 அடி நீளக் கம்பி ஒன்று, 5 கிலோ கூட இருக்காது. இதற்காக வேலை நடுவில் ஒரு ஆள் டவுனுக்குப் போய் வருவதைத் தவிர்க்கலாம்.

சிமெண்ட் கணக்குக்குக் குழியின் கன அளவு தெரிந்தால் போதும். சாதாரணக் குழி ஒரு அடிக்கு ஒரு அடி, 2 அடி ஆழம். கல் அடைக்கும் இடம் போக 1.67 கன அடி. 22 குழிக்கு 37. முட்டுக் குழி ஒன்றரை அடி ஆழம், ஆறுக்கும் சேர்த்து 8. கதவுக் குழி ஒன்றரைக்கு ஒன்றரை, இரண்டரை ஆழம், இரண்டுக்கும் 10. மொத்தம் 55. ஆனால் கடப்பாரையால் தோண்டும் குழி எஸ்டிமேட்டில் எழுதிய மாதிரி சதுரமாக இருக்காது, ஓரம் சரியும். 60 என்று வையுங்கள். சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு என்ற கலவையில் ஒரு மூட்டை சிமெண்ட் சுமார் 8 கன அடி கான்கிரீட் தரும். ஏழரை மூட்டை, 8 வாங்குங்கள். ஒரு மூட்டை ஒன்றேகால் கன அடி என்பதால் எம்.சாண்ட் 30 கன அடி, ஜல்லி 60. யூனிட் என்பது 100 கன அடி, ஆக அரை யூனிட்டுக்கும் குறைவான மணல், அரைக்குச் சற்று மேலே ஜல்லி. ஜல்லி முக்கால் அங்குலமாக இருக்கட்டும். கல்லுக்கும் குழிச்சுவருக்கும் நடுவில் மூன்று நாலு அங்குலம்தான் இருக்கும், ஒன்றரை அங்குல ஜல்லி அதில் சிக்கிக்கொண்டு கீழே வெறும் காற்றாக நிற்கும்.

பணம் இறுக்கமாக இருந்தால் எங்கே குறைக்கலாம்? நடுக்கல் குழிகளில். செம்மண்ணாக இருந்தால் மூலை, முட்டு, கதவு இவற்றுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, மற்றவற்றுக்குச் சக்கைக் கல்லும் சரளையும் அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கடப்பாரைக் கட்டையால் கெட்டிக்கலாம். கெட்டிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். பொத் பொத் என்று விழும் அடி, இறுகியதும் டக்கென்று கைக்குத் திரும்ப வரும். அதுவரை விடக் கூடாது. சிமெண்ட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கேஜிலும் முட்டுக்கல்லிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதெல்லாம் வேண்டாம், கிளுவை நட்டாலே போதும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லுவார்கள். கொங்குப் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலி இன்றும் நிற்கிறது, ஆடு மாடு நுழையாது. அரையடிக்கு ஒரு போத்து (நடுவதற்கு வெட்டிய குச்சி) என்றால் உங்களுக்கு 350 போத்து, மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். அடர்ந்து வரச் சில வருடம் ஆகும், அதுவரை காவல் யார் என்பதுதான் கேள்வி. கம்பி வேலியை ஒட்டி உள்பக்கம் நட்டு வையுங்கள். கம்பி துருப்பிடிக்கும் காலத்தில் கிளுவை ஆளாகியிருக்கும்.

விலையை நான் எழுதவில்லை. அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஒன்று மட்டும். "அடிக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்பவரிடம் அந்த அடியில் முட்டுக்கல் அடங்குமா, கதவுக் கல் அடங்குமா, ஜி.எஸ்.டி. சேர்த்தா, குழி தோண்டுவது யார், பாறை வந்தால் யார் செலவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 171 அடிக்கா, கதவையும் சேர்த்து 181 அடிக்கா என்பதையும் கேளுங்கள். கதவு இருக்கும் 10 அடிக்கும் வலைக்காசு வாங்குகிறவர்கள் உண்டு.

கல் நட்டு கான்கிரீட் போட்டதும் ஆட்கள் மறுநாளே வலை இழுக்கப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அடுத்த ஊரில் வேலை இருக்கும். விடாதீர்கள். ஏழு நாள் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வலை. முள்கம்பி, கதவு எல்லாம் அதற்கு அப்புறம். அந்த ஏழு நாளும் கல்லுக்குக் கல் கயிறு கட்டி யாரும் துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு தம்பி.